95 போதுமென்றால் 98 எதற்கு?

தெம்பனிஸ்வாசி:
சென்ற மாதம் ஆறு ஆண்டு ஓடிய 1.6 லிட்டர் ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கினேன். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத சாதாரண எஞ்சின். முன்பு வைத்திருந்தவர் ஆக்டேன் எண் 98 உள்ள பெட்ரோல் மட்டுமே ஊற்றினார் என்றும், 95-க்கு மாறினால் எஞ்சின் வலுவிழக்கும் என்றும் விற்பனையாளர் எச்சரித்தார். அவர் சொன்னது உண்மையா?

பழைய பட்டறைக்காரன்:
தம்பி, ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையைக் காட்டுவதன்று. அழுத்தம் கூடும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, முன்னது 95 பங்கும் பின்னது 5 பங்கும் சேர்ந்த கலவையைப் போலச் சோதனை எஞ்சினில் நடந்துகொள்ளும் பெட்ரோலை 95 என்கிறோம். ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ சிலிண்டர் முழுவதும் பரவுவதற்குள், ஓரத்தில் மிஞ்சிய கலவை சூடு தாங்காமல் தானே வெடித்தால், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் ஏறும்போது சரளைக்கல் உருளுவதுபோல் சத்தம் கேட்கும். அதுதான் நாக்கிங். 95-இல் நாக்கிங் வராத எஞ்சினுக்கு 98 கொடுத்தால், கூடுதலான அந்த மூன்றுக்கு அங்கே வேலையே இல்லை.

செலவையும் பாருங்கள். சிங்கப்பூரில் 2021 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட பெட்ரோல் வரியின்படி 98-க்கு லிட்டருக்கு 79 காசு, 95-க்கும் 92-க்கும் 66 காசு. 40 லிட்டர் நிரப்பினால் வரியில் மட்டும் 5 வெள்ளி 20 காசு வித்தியாசம். பெட்ரோலில் கலக்கும், எஞ்சினைச் சுத்தம் செய்யும் வேதிப்பொருள் வேறு, ஆக்டேன் வேறு. விற்பனையாளர்கள் இரண்டையும் குழப்பியே பழகிவிட்டார்கள்.

உட்லண்ட்ஸ் ஓட்டுநர்:
கையேட்டில் 98 என்று கண்டிப்பாகக் குறிப்பிட்டுள்ள டர்போ கார்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் 95 ஊற்றினால், நாக்கிங்கை உணரும் நாக் சென்சார் தீமூட்டும் நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் இழுவை குறையும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கக் கையேட்டில் 87 என்றிருந்தால் மிரள வேண்டாம், அவர்கள் கணக்கிடும் முறை வேறு; அது நம் 91, 92-க்கு நெருக்கமானது. மலேசியாவின் ஜொகூரில் சிங்கப்பூர்ப் பதிவெண் கார்களுக்கு 95 விற்கமாட்டார்கள், 97-தான் நிரப்ப வேண்டும். அதனால் உங்கள் காருக்குக் கெடுதல் இல்லை.

தெம்பனிஸ்வாசி:
அண்ணன் இருவருக்கும் நன்றி. இப்போதுதான் கீழே போய்ப் பெட்ரோல் மூடியின் உட்புறத்தைப் பார்த்தேன். ஓரம் கிழிந்த ஒட்டுத்தாளில் '91 அல்லது அதற்கு மேல்' என்றிருக்கிறது. எங்கள் வீட்டருகே உள்ள நிலையத்தில் 92 இல்லை. அது கிடைக்கும் இடத்தைத் தேட வேண்டும்.