செங்கோட்டையின் குரங்கு: வரைந்தது பர்ஜஸா, லான்ஸ்டேலா?

வரைகோல்:
நேற்று வேறொரு இழையில் கட்டடக்காரன் ஒரு படத்தைப் போட்டு, "கார்டிஃப் அருகே உள்ள காஸ்டெல் கோக் கோட்டையில் ப்யூட் சீமாட்டியின் படுக்கையறை விதானத்துக்காக வில்லியம் பர்ஜஸ் தன் கையாலேயே தீட்டிய நீர்வண்ண வரைவு" என்று எழுதியிருந்தார். எல்லாரும் கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட தேதி பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் கோட்டையைத் திரும்பக் கட்டிய கட்டடக் கலைஞர் பர்ஜஸ் இறந்தது 1881 ஏப்ரல் 20. அந்த அறை அவர் இறந்த பிறகுதான் அலங்கரிக்கப்பட்டது. கோட்டையின் உள்வேலை முழுவதும் முடிய 1891 ஆனது. ஓவியங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹொரேஷியோ வால்டர் லான்ஸ்டேல். அப்படியிருக்க அந்தப் படத்தில் இருக்கும் குரங்கை வரைந்தது யார்?

கட்டடக்காரன்:
வந்துவிட்டீர்களா? ரவிவர்மா இழையில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் போல. ஐயா, முப்பது வருடமாகக் கட்டடம் கட்டுகிறேன். பிளான் போட்டவன் பெயரில்தான் வீடு நிற்கும், பெயிண்ட் அடித்தவன் பெயரில் நிற்காது. இடிபாட்டை அப்படியே விடலாமா, திரும்பக் கட்டலாமா என்று 1872இல் கோட்டைக்குச் சொந்தக்காரரான ப்யூட் பிரபுவுக்குப் படங்களோடு அறிக்கை கொடுத்தவர் பர்ஜஸ். 1875இல் வேலையைத் தொடங்கியவரும் அவர்தான். பிறகு விதானம் மட்டும் எப்படி லான்ஸ்டேலுடையதாகும்?

வரைகோல்:
நான் வீட்டைக் கேட்கவில்லை. குரங்கைக் கேட்டேன்.

மணிமேகலை79:
அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விதானம் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் முழுசாக வண்ணம். அதில் குரங்கு, மாதுளை, திராட்சைக் கொடி. மற்றக் கட்டங்கள் வெறும் பென்சில் கோடு. குரங்கின் முதுகில் பழுப்பு நிறம் காய்வதற்குள் இன்னொரு வண்ணம் பட்டு ஓரம் லேசாகப் பரவியிருக்கிறது, வால் மட்டும் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷில் இழுத்தது. யார் வரைந்திருந்தாலும் கை தேர்ந்த கை.

வரைகோல்:
நன்றி. கட்டட வரைபடம் போடுகிறவர் வால் இழுக்கும் விதம் இது இல்லை.

கட்டடக்காரன்:
ஓ, வாலை வைத்துக் கை கண்டுபிடிக்கும் ஜோசியமா? ப்யூட் பிரபுவின் இன்னொரு கோட்டையான கார்டிஃப் கோட்டையின் நூலக வாசலில் புத்தகத்துக்காகச் சண்டை போடும் குரங்குகளைச் செதுக்க வைத்தது யார்? பர்ஜஸ். அதே கோட்டையின் விலங்குச் சுவருக்கு வடிவம் போட்டது யார்? பர்ஜஸ். சிங்கம், கரடி எல்லாவற்றையும் கல்லில் செதுக்கியவர் தாமஸ் நிக்கல்ஸ், அதுவும் பர்ஜஸ் போன பிறகு. ஆனாலும் அதைப் பர்ஜஸ் சுவர் என்றுதான் நான் சொல்வேன். அந்த மனிதருக்குக் குரங்கு என்றால் உயிர். குரங்கு எங்கே இருந்தாலும் அது பர்ஜஸ் குரங்குதான்.

வரைகோல்:
உயிர் என்கிறீர்கள். செத்தவர் 1881இல் செத்துவிட்டார். பிரஷ்ஷைப் பிடித்தது யார்? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

சும்மாவந்தேன்:
ஒரு சந்தேகம். "வரைவு" என்று எதைச் சொல்கிறோம்? பர்ஜஸுக்காக ஆக்ஸெல் ஹெய்க் என்ற ஸ்வீடன்காரர் அழகான நீர்வண்ணப் படங்கள் வரைந்திருக்கிறார். அவை கட்டப்போவதை எடுத்துக்காட்டும் படங்கள். வேலையாள் கையில் கொடுக்கும் வரைவு வேறு. இந்தத் தாள் இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்தால்

கட்டடக்காரன்:
தம்பி, நடுவில் வராதீர்கள். வரைகோல் ஐயா பதில் சொல்லட்டும்.

செங்காந்தள்:
அது இருக்கட்டும். காஸ்டெல் கோக் என்று ஏன் எழுதுகிறீர்கள்? வெல்ஷில் அந்தக் கடைசி எழுத்து தொண்டையிலிருந்து வரும் காற்றொலி. நம் ஆய்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 'கோஃ' என்று எழுதலாம். அர்த்தமும் சிவப்புக் கோட்டை. தமிழில் செங்கோட்டை என்றே எழுதிவிடலாமே?

மணிமேகலை79:
செங்கோட்டை என்றால் தென்காசிக்காரர்கள் ரயிலுக்கு வந்துவிடுவார்கள். டில்லிக்காரர்கள் கொடியேற்ற வந்துவிடுவார்கள். வேண்டாம்.

செங்காந்தள்:
நான் செங்கோட்டையில் பிறந்தவள். ஊர்ப் பெயரைக் கிண்டல் செய்யாதீர்கள்.

மணிமேகலை79:
கிண்டல் செய்யவில்லை அக்கா. குழப்பம் வரும் என்றேன்.

வரைகோல்:
பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். தலைப்பில் செங்கோட்டை என்றுதான் நானே வைத்திருக்கிறேன். விஷயத்துக்கு வாருங்கள். காஸ்டெல் கோக்கின் வரவேற்பறை விதானத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த விதானத்து வேலை பர்ஜஸ் இருக்கும்போதே நடந்தது. அதில் ஒரு கனம், ஒரு அழுத்தம் இருக்கும். அவர் போன பிறகு அந்த அறைச் சுவரில் ஈசாப் கதை விலங்குகளை எழுதினார்கள். அது மென்மையாக, உயிருள்ள செடியையும் பறவையையும் பார்த்து வரைந்ததுபோல இருக்கும். தலையைத் தூக்கினால் ஒரு காலம், இறக்கினால் இன்னொரு காலம். படுக்கையறைக் குரங்கு எந்தப் பக்கம் சேரும்? கண் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

கட்டடக்காரன்:
எனக்குக் கண் இல்லை என்கிறார். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். பர்ஜஸ் ஆபீஸில் இருந்த சாப்பிளும் ஃப்ரேமும்தான் மிச்ச வேலையை முடித்தார்கள். அவரிடம் வேலை கற்றவர்கள். அந்த அறையின் மேசை நாற்காலிகூட சாப்பிள் வடிவமைத்தது. ஆனால் அறைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்க்கிறவன் மூச்சை அடைக்க வைப்பது பர்ஜஸின் எண்ணம். எண்ணம்தான் ஓவியம். கை கூலிக்குக் கிடைக்கும்.

வரைகோல்:
இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்த இழையையே ஆரம்பித்தேன். "கை கூலிக்குக் கிடைக்கும்." என் அப்பா நாற்பது வருடம் பேனர் எழுதினார். ஒரு படத்தின் கீழேயும் அவர் பெயர் கிடையாது. லான்ஸ்டேல் பர்ஜஸுக்காகப் பல வருடம் கோட்டை கோட்டையாக வரைந்தார். 1919இல் இறந்தார். பர்ஜஸ் பெயர் தெரிந்த பத்து பேரில் ஒருவருக்கு அவர் பெயர் தெரியுமா? ஒரு குரங்கையாவது அவருக்கு விட்டுக்கொடுங்கள் என்கிறேன்.

கட்டடக்காரன்:
அப்பாவை நடுவில் கொண்டுவந்தால் நான் என்ன பேசுவது? மதிக்கிறேன். ஆனாலும் தாளில் லான்ஸ்டேல் கையெழுத்து இருக்கிறதா? காட்டுங்கள்.

வரைகோல்:
பர்ஜஸ் கையெழுத்து இருக்கிறதா? "தன் கையாலேயே" என்று எழுதியவர் நீங்கள். நீங்கள்தான் காட்ட வேண்டும்.

சும்மாவந்தேன்:
அதனால்தான் கேட்டேன், இது வேலைக்கான தாளா, காட்டுவதற்கான தாளா என்று. வேலைத்தாள் என்றால் பெரும்பாலும் கையெழுத்தே

கட்டடக்காரன்:
கையெழுத்து இல்லாவிட்டால் தலைமைக் கட்டடக் கலைஞர் பெயர்தான். அதுதான் மரபு.

வரைகோல்:
யார் வைத்த மரபு? கட்டடக்காரர்கள் வைத்த மரபு.

மணிமேகலை79:
இன்னொன்று கவனித்தேன். அந்தக் குரங்கின் இடது கையில் ஒரு விரல் குறைவாக இருக்கிறது.

கட்டடக்காரன்:
பர்ஜஸ் அப்படி விட்டிருக்க மாட்டார்.

வரைகோல்:
அப்படியா? அப்போ வரைந்தது பர்ஜஸ் இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

கட்டடக்காரன்:
எங்கே ஒப்புக்கொண்டேன்? விரலை ஒழுங்காக எண்ணுங்கள், கட்டைவிரல் மாதுளைக்குப் பின்னால் இருக்கிறது.