பிரைமர் கேட்டால் பிறந்த தேதி கேட்கிறார்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து

வீட்டில் தோட்டா ரீலோடிங் செய்கிறவர்கள் (சுட்ட தோட்டாவின் காலி உறையை மறுபடி நிரப்புகிறவர்கள்), அதிலும் பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், கடையில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். முதலில் நான் ஆரம்பிக்கிறேன்.

என் மகளுக்கு 19 வயது. ஹைபவர் ரைஃபிள் போட்டிகளில் சுடுகிறாள். 200, 300, 600 கஜம் என்று மூன்று தூரம். .223 தோட்டாவை வீட்டில் நாங்களே நிரப்பிக்கொள்கிறோம். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை. 600 கஜத்தில் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறினால் குண்டு மேலும் கீழுமாகப் போய் விழும். பவுடரை (வெடிமருந்தை) நாமே நிறுத்துப் போட்டால் அந்தச் சிதறல் குறையும்.

சில மாதங்களுக்கு முன் பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) தீர்ந்துவிட்டது என்று அவளே ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனாள். ஆயிரம் கொண்ட ஒரு பெட்டி, சிறிய ரைஃபிள் பிரைமர். எங்கள் பென்சில்வேனியாவில் 21 ஆகாதவர்களின் டிரைவர் லைசென்ஸ் நெடுக்குவாட்டில் அச்சாகியிருக்கும். காசாளர் அந்த அட்டையைக் கையில் வாங்கியதும் தேதியைப் படிக்கக்கூட இல்லையாம். பிரைமர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து ஸ்கேனருக்குப் பின்னால் வைத்துவிட்டார். "ரைஃபிளுக்குத்தான்" என்று இவள் சொன்னதும் மேலாளரைக் கூப்பிட்டார். அவரும் வந்து, எங்கள் கடையில் இருபத்தொன்று, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் வரிசையில் பின்னால் நின்றவர்கள் முன்னால் ஏதோ திருட்டுத்தனம் செய்து பிடிபட்டதைப் போல இருந்ததாக அவள் சொன்னபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1968இல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற வியாபாரி ரைஃபிள், ஷாட்கன் தோட்டாக்களை 18 நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கைத்துப்பாக்கித் தோட்டா என்றால் 21. அதே சட்டம் பித்தளைக் கேஸ் (காலி உறை), பிரைமர், குண்டு, பவுடர் நான்கையும் தனித்தனியாகவே தோட்டா என்ற கணக்கில் சேர்த்திருக்கிறது. அதனால்தான் நிரப்பாத வெறும் பிரைமருக்கும் வயது பார்க்கிறார்கள். பிரஸ் (நிரப்பும் இயந்திரம்), டை (அதில் மாட்டும் அச்சு), தராசு எல்லாம் அந்தக் கணக்கில் வராது. மகளின் வயதுக்கு ரைஃபிள் பிரைமர் விற்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. தடுத்தது கடையின் சொந்த விதி. கடைக்காரர் தன் கடைக்கு இன்னும் கடுமையாக விதி வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறது, அதில் எனக்கு வழக்கில்லை. அதை அலமாரியிலேயே எழுதி ஒட்டியிருக்கலாம் என்பதுதான் என் குறை.

பிறகு அவள் எங்கள் ஊர்க் கோடியில் இருக்கும் சின்னத் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். அங்கே இருந்த பெரியவர் அட்டையைப் பார்த்துவிட்டு, எந்தத் துப்பாக்கி, என்ன எடைக் குண்டு, எந்தப் பவுடர் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். சர்வீஸ் ரைஃபிள், 77 கிரெய்ன், வார்கெட் என்று இவளும் தயங்காமல் சொன்னாள். கொடுத்துவிட்டார். கூடவே, ரீலோடிங் புத்தகத்தில் இல்லாத அளவை யார் சொன்னாலும் போடாதே என்றும் சொல்லி அனுப்பினாராம். எனக்குப் பிடித்தது இந்த விசாரணைதான். அட்டையில் இருக்கும் தேதியைவிட அந்தக் கேள்விகளில்தான் பிள்ளைக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது வெளிப்படும்.

டாலஸிலிருந்து

அண்ணா, நான் கவுன்டருக்கு மறுபக்கம் நிற்கிறவன். துப்பாக்கியும் ரீலோடிங் பொருளும் விற்கும் கடையில் வேலை. உங்கள் மகளுக்கு நடந்தது எங்கள் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

பிரைமரை ஸ்கேன் செய்ததும் திரையில் பிறந்த தேதி கேட்கும். சில கடைகளின் மென்பொருளில் ரைஃபிளா கைத்துப்பாக்கியா என்று கேட்கவே இடம் இருக்காது. ஒரே எண், 21. காசாளர் நினைத்தாலும் அதைத் தாண்டிப் பில் போட முடியாது. 2018 பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு வால்மார்ட், டிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தாங்களாகவே துப்பாக்கிக்கு வயதை 21 ஆக்கின. வால்மார்ட் தோட்டாவுக்கும் அதையே வைத்தது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக் காசாளர்களுக்கு 18 என்று ஒரு கணக்கு இருப்பதே தெரியாது.

எங்கள் கடையில் கேட்கிறோம். கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் ஒரே பொருள் ரைஃபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் போகும். அப்படி இரண்டிலும் போகும் .22 தோட்டாவுக்கு ஏடிஎஃப் (துப்பாக்கி வியாபாரத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) வெகுகாலமாகச் சொல்லிவருவது இதுதான்: 18க்கு மேல் 21க்குள் இருப்பவர் ரைஃபிளில் சுடத்தான் வாங்குகிறார் என்று வியாபாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் விற்கலாம். அந்தத் திருப்தி என் தலையில் விழுகிறது. தப்பாகப் போனால் கடையின் லைசென்ஸுக்கே ஆபத்து.

இப்படித்தான் ஒரு பையன் வந்தான். 19, 20 இருக்கும். கூடையில் சிறிய ரைஃபிள் பிரைமர். ரைஃபிளுக்கு என்றான். கூடையில் அதற்குப் பக்கத்திலேயே 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கான டை செட் கிடந்தது. டை வாங்க வயது தேவையில்லை, ஆனால் அதைப் பார்த்த பிறகு பிரைமரை நான் எப்படி விற்பது? கேட்டேன். பிஸ்டல் பிரைமர் தர மாட்டீர்கள், அதனால் இதை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். டையை மட்டும் பில் போட்டு அனுப்பினேன்.

வயது விதியால் இப்படி ஒரு விபரீதம் நடப்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். ரைஃபிள் பிரைமரின் கிண்ணம் தடிமன் கூடியது, பிஸ்டலின் ஊசி அடித்தாலும் சில சமயம் வெடிக்காது. பெரிய அளவில் ரைஃபிள் பிரைமர் உயரமும் அதிகம், பிஸ்டல் கேஸில் வைத்தால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அது விளையாட்டு இல்லை. பிஸ்டல் சாமான் கிடைக்கவில்லை என்றால் 21 ஆகும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. 2025 ஜனவரியில் எங்கள் டெக்சாஸ் அடங்கிய ஐந்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், 18 முதல் 20 வயதுக்காரர்களுக்கு வியாபாரிகள் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது என்ற தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் நான்காவது சுற்று நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. இதைப் படித்துவிட்டு வந்து கவுன்டரில் வாதாடுகிறார்கள். எங்கள் திரை இன்னும் பழையபடிதான் கேட்கிறது. கவுன்டரில் நிற்பவனிடம் சண்டை போட்டுப் பயனில்லை, தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

மினசோட்டாவிலிருந்து

எங்களுடையது ஷாட்கன் கதை. இந்த மாநிலத்தில் பள்ளிகளுக்கிடையே டிராப் ஷூட்டிங் (பறக்கும் களிமண் தட்டைச் சுடுவது) பெரிய விளையாட்டு. உயர்நிலைப் பள்ளி லீக் 2001இல் இங்கேதான் தொடங்கியது. மகனுக்கு 17. ஒரு சுற்றுக்கு 25 தோட்டா, ஒரு மாலையில் நான்கு சுற்று சாதாரணமாகப் போகும். அதனால் 12 கேஜ் ஷெல்லை (ஷாட்கன் தோட்டாவை) வீட்டில் நிரப்புகிறோம்.

அவன் 18 ஆகாதவன், உரிமம் பெற்ற கடையில் பிரைமரோ பவுடரோ வாங்க முடியாது. அது தெரிந்துதான் நான் கூடவே போனேன். யுனிக் பவுடர் ஒரு பவுண்டு டப்பா, 209 என்ற ஷாட்கன் பிரைமர் ஒரு பெட்டி. வாங்குவது நான், லைசென்ஸ் காட்டுவது நான். ஆனால் பில் போடும் நேரத்தில் பையன் கோடை விடுமுறையில் புல்வெட்டிச் சம்பாதித்த பணத்தைப் பெருமையாக எடுத்து நீட்டிவிட்டான். காசாளர் பெண் உடனே நிறுத்திவிட்டாள். பணம் அவனுடையது என்றால் வாங்குவது அவன் என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டும், மன்னியுங்கள் என்றாள். நான் கார்டை நீட்டியும் கேட்கவில்லை. அன்று வெறுங்கையோடு திரும்பினோம்.

முதலில் கோபம் வந்தது உண்மை. காரில் வரும்போது மகன்தான், அவங்க வேலையை அவங்க பார்த்தாங்கப்பா என்றான். அடுத்த முறை நானே கொடுத்தேன், எந்தத் தடையும் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் பணத்தை யார் கொடுப்பது என்பதை வீட்டிலேயே பேசிவிட்டுப் போங்கள்.

யுனிக் பவுடர் ஷாட்கனுக்கும் போகும், கைத்துப்பாக்கிக்கும் போகும். அதனால் 18 முடிந்த பிறகும் இந்தக் கேள்வி அவனை விடாது.

சான் ஓசேயிலிருந்து

கலிபோர்னியாவில் நிரப்பிய தோட்டாவுக்கு 2019 ஜூலை 1 முதல் பின்னணிச் சோதனை வந்துவிட்டது. பிரைமர், பவுடர் போன்ற உதிரிகளுக்கு அந்தச் சோதனை இல்லை. ஆனால் வயது பார்க்கிறார்கள், எனக்கு நரைத்த தலை, எனக்கும் பார்த்தார்கள். ஆன்லைனில் வாங்கினால் பிறந்த தேதியும் அட்டையின் படமும் கேட்டார்கள், கூடவே பவுடர், பிரைமர் இரண்டுக்கும் அபாயப் பொருள் கட்டணம். அரசுத் தபாலில் இவற்றை அனுப்பவே முடியாது, தனியார் கூரியரில் தரைவழியாகத்தான் வரும்.

இங்கிலாந்திலிருந்து

நீங்கள் எல்லாரும் எழுதுவதைப் படிக்க எனக்கு வேறு உலகம் மாதிரி இருக்கிறது. இங்கே வயதைவிடச் சான்றிதழ்தான் பெரிது. 2006இல் இயற்றிய சட்டத்தின்படி பிரைமர் வாங்க ஃபயர்ஆர்ம் சான்றிதழைக் காட்ட வேண்டும். காவல்துறை வீட்டுக்கு வந்து, துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைப் பார்த்து, நம்மிடம் பேசிவிட்டுக் கொடுக்கும் சான்றிதழ் அது. 14 வயதிலேயே ஒரு பிள்ளை அதை வைத்திருக்கலாம், போட்டியில் சுடலாம். ஆனால் 18 ஆகும்வரை துப்பாக்கியோ தோட்டாவோ விலைக்கு வாங்க முடியாது. பிஸ்லி சுடுதளத்தில் என் அண்ணன் மகள் சுடும்போது அவளுடைய தோட்டாவை எல்லாம் அவள் அப்பாதான் வாங்கினார். காசாளரின் மனநிலையைப் பொறுத்து எதுவும் மாறாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. காகித வேலை அதிகம்தான், அதை நான் மறுக்கவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து

ஊரிலிருந்து ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன், மாமாவுக்கு ஒரு ரீலோடிங் பிரஸ் வாங்கி வரட்டுமா என்று ஆசையாகக் கேட்டான். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா செய்யும் இயந்திரமும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. அங்கே வயதே பார்க்காமல் விற்கும் சாமான் இங்கே உரிமம் இல்லாமல் தொடக்கூடாத சாமான். துப்பாக்கியோ தோட்டாவோ வாங்க, வைத்திருக்க இங்கே 21 நிரம்பியிருக்க வேண்டும், பயிற்சிக்கு மட்டும் தனி விதி உண்டு.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு வரும்போது எடுத்து வராதீர்கள். பையின் மடிப்பில் ஒரு தோட்டா கிடந்து விமான நிலையத்தில் மாட்டி, வழக்காகி, நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. காலி கேஸ்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

பிட்ஸ்பர்க் பக்கத்திலிருந்து

எல்லாருக்கும் நன்றி. கோயம்புத்தூர் ஐயா சொன்னதைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தேன். ஜனவரியில் ஊருக்கு வருகிறோம்.

டாலஸ் தம்பி, நீங்கள் எழுதியது எனக்குப் புதிய வெளிச்சம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வயது பார்ப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். வெடிக்கும் பொருளை யாருக்கு வேண்டுமானாலும் விற்கக் கூடாது. ஆனால் துப்பாக்கி வகையை வைத்து 18, 21 என்று போட்ட கோடு முழுத் தோட்டாவுக்குப் பொருந்துகிறது, உதிரிக்குப் பொருந்தவில்லை. ஒரு டப்பா பவுடர் எதற்குள் போகும் என்று யார் சொல்ல முடியும்? வாங்குபவர் சொல்வதை நம்ப வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரையும் மறுக்க வேண்டும். உதிரிகளுக்கு ஒரே வயது என்று வைத்துவிட்டால், அது 21ஆகவே இருந்தாலும், என் மகள் அதை ஏற்றுக்கொள்வாள். கடைக்குக் கடை மாறுவதுதான் பிள்ளைகளைப் பொய் சொல்லத் தூண்டுகிறது.

ஒரு சந்தேகம். அவள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அங்கே ஊர் புதிது. கடையைத் தேடி அலையாமல் இருக்க என்ன வழி?

டாலஸிலிருந்து

அண்ணா, போவதற்கு முன் போன் செய்யச் சொல்லுங்கள். ரீலோடிங் உதிரிக்கு உங்கள் கடையில் என்ன வயது, 18 முடிந்தவருக்கு ரைஃபிள் பிரைமர் விற்பீர்களா, இந்த இரண்டு கேள்வி போதும். பதில் சொன்னவரின் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். கவுன்டரில் வேறு ஆள் இருந்தால் உதவும். எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும், கிளப் அட்டை இருந்தால் காட்டட்டும், எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் விடுதி அறையில் பவுடரும் பிரைமரும் வைக்கவே கூடாது. வீடுகளுக்கே பவுடர் 20 பவுண்டு, பிரைமர் பத்தாயிரம் என்று என்எஃப்பிஏ (அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம்) விதி 495இல் வரம்பு இருக்கிறது. விடுதிகளில் பெரும்பாலும் தோட்டாவுக்கே அனுமதி கிடையாது. விடுமுறைக்கு வரும்போது உங்கள் வீட்டு பிரஸ்ஸில் நிரப்பிக்கொண்டு, கல்லூரி அணியின் ஆயுத அறையில் வைக்க அனுமதி உண்டா என்று கோச்சிடம் கேட்பதுதான் சரி. அப்படிச் செய்தால் அந்த ஊரில் அவள் பிரைமர் தேட வேண்டிய அவசியமே வராது.