12-0-12 சப்ளையில் டயோடு திரும்பத் திரும்ப போகுது, எந்த நம்பர் போடணும்?

ராப்பாட்டு
வணக்கம். 12-0-12 (நடு வயருக்கு ரெண்டு பக்கமும் 12 வோல்ட் ஏசி), 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு ஒரு சப்ளை கட்டினேன். ஏசியை டிசி ஆக்கற டயோடா முதல்ல 1என்4007 போட்டேன், போயிடுச்சு. 3 ஆம்பியர் டயோடு போடச் சொன்னாங்க, அதுவும் போயிடுச்சு. எந்த நம்பர் போட்டா நிக்கும்? நாளைக்கே வேணும், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கொள்ளளவு
கெப்பாசிட்டர் பெருசா போட்டிருப்பீங்க, அதான். ஆன் பண்ற நொடியில காலி கெப்பாசிட்டர் ஷார்ட் மாதிரிதான். அந்த முதல் பாய்ச்சலை டயோடு தாங்கணும். 1என்4007 ஒரே ஒரு அரைச்சுற்றுக்கு 30 ஆம்பியர் வரைக்கும்தான் தாங்கும், 1என்5408 200 ஆம்பியர் தாங்கும். கண்ணை மூடிக்கிட்டு 1என்5408 போடுங்க.

சுருள்
கண்ணை மூட வேண்டாம், முதல்ல விவரம் வரட்டும். பிரிட்ஜா (நாலு டயோடு), ரெண்டு டயோடா? அந்த "3 ஆம்பியர் டயோடு" என்ன நம்பர்? லோடு என்ன, கெப்பாசிட்டர் எவ்வளவு? போன டயோடு மீட்டர்ல ஷார்ட் காட்டுதா, ஓப்பனா? ஆன் பண்ண உடனே போச்சா, ஓடி ரொம்ப நேரம் கழிச்சா?

மின்தடை47
டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்திருந்தா இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர்ல 1 ஆம்பியர் டயோடு. போகாம என்ன செய்யும்? சர்க்யூட் படம் இல்லாத கேள்விக்குப் பதில் போடாதீங்கன்னு இங்க பலமுறை சொல்லியாச்சு.

ஒருமுனை
கைல 1என்4007 நிறைய இருந்தா மூணு மூணா பேரலல்ல போடுங்க ப்ரோ. 3 ஆம்பியர் ஆயிடும்.

சுருள்
@ஒருமுனை அப்படிக் கூட்டல் கணக்கு இதுல வராது. சிலிக்கான் டயோடு சூடாக ஆக அதோட வோல்டேஜ் டிராப் (டயோடு தனக்குன்னு எடுத்துக்கற வோல்ட்) குறையும், டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட். மூணுல எது கொஞ்சம் சூடாகுதோ அது வழியா கரண்ட் கூடுதலா ஓடும், அதனால இன்னும் சூடாகும். முதல்ல அது போகும், அப்புறம் மத்தது வரிசையா போகும். ஒவ்வொண்ணுக்கும் சீரிஸ்ல 0.1 ஓம் போட்டா ஓரளவு சமமாகும். ஆனா அந்த வேலைக்கு ஒரே பெரிய டயோடு போட்டுடலாம்.

ராப்பாட்டு
மன்னிச்சுக்கோங்க, அவசரத்துல எழுதிட்டேன். கார் ஸ்டீரியோவை வீட்ல ஓட்டறதுக்கு, 2.5 ஆம்பியர் வேணும். டிரான்ஸ்ஃபார்மரோட ரெண்டு கடைசி வயர்லயும் ஒவ்வொரு டயோடு, நடு வயர் நெகட்டிவ். அப்புறம் எல்எம்338 ரெகுலேட்டர், 12 வோல்ட்டுக்கு செட் பண்ணது. ரெண்டாவதா போட்டது 1என்5822, டிராப் குறைவான ஷாட்கி வகை டயோடு. வால்யூம் கூட்டினா ர்ர்ர்னு ஹம் வந்துச்சு, ஷாட்கி போட்டா போயிடும்னு சொன்னாங்க. குறைஞ்சது உண்மைதான்.

மின்தடை47
இதை முதல்லயே எழுதியிருந்தா நாலு பேர் நேரம் மிச்சம்.

சுருள்
தம்பி, இன்னும் ரெண்டு விஷயம் வரல: கெப்பாசிட்டர் அளவு, டயோடு போன நேரம். கூடவே ஒண்ணு பண்ணுங்க. போன டயோடு ரெண்டையும் கழட்டிட்டு, டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, கடைசி வயர் ரெண்டுக்கும் நடுவுல ஏசி வோல்டேஜ் அளந்து சொல்லுங்க. நடு வயரைத் தொட வேண்டாம்.

வேகமுனை
இடையில ஒரு வார்த்தை. சாதா ரெக்டிஃபையர் டயோடே போடாதீங்க. யூஎஃப்5408 போடுங்க, 75 நானோசெகண்ட்ல அணையும். ஆடியோ சப்ளைக்கு அல்ட்ரா ஃபாஸ்ட்தான் சரி, ஹம்மும் அடங்கும்.

கொள்ளளவு
50 ஹெர்ட்ஸ்ல ஒரு அரைச்சுற்றே 10 மில்லிசெகண்ட். அதுல டயோடு சில மைக்ரோசெகண்ட் தாமதமா அணைஞ்சா என்ன நஷ்டம்? ஹம்முக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

வேகமுனை
நஷ்டம் இருக்கு. மெதுவான டயோடு அணையும்போது ரிவர்ஸ்ல கொஞ்ச நேரம் கரண்ட் ஓடி, பட்டுனு நிக்கும். அந்த வெட்டு டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கைத் தட்டி, உயர் அலைவரிசையில அதிர விடும். பக்கத்துல ஏஎம் ரேடியோ வெச்சா புஸ்னு கேக்கும்.

சுருள்
நீங்க சொல்ற அதிர்வு இருக்கு, ஆனா இவர் சொல்ற ர்ர்ர் அது இல்ல. அதிர்வை அடக்க வேகமான டயோடு தேவையில்லை. டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரிக்குக் (அவுட்புட் வைண்டிங்) குறுக்க 0.1 மைக்ரோஃபாரடும் சில பத்து ஓமும் சீரிஸ்ல போட்டாலே போதும். 50 கிலோஹெர்ட்ஸ் எஸ்எம்பிஎஸ்ல (ஸ்விட்சிங் சப்ளை) கதை வேற. அங்க ஒரு சுற்றே 20 மைக்ரோசெகண்ட், 1என்4007 அணையறதுக்குள்ள அடுத்த சுற்று வந்துடும், பொசுங்கிடும். அங்க யூஎஃப் கட்டாயம். இங்க போட்டாலும் கெடுதல் இல்ல, ஆனா டிராப் சாதா டயோடை விடக் கூடுதல். ஹம் கூடத்தான் செய்யும்.

வேகமுனை
டிராப் வித்தியாசம் ரொம்பக் குறைவு. அளந்து பார்க்காம சொல்லாதீங்க.

கொள்ளளவு
டேட்டாஷீட்டே சொல்லுது. 3 ஆம்பியர்ல 1என்5408 அதிகபட்சம் சுமார் 1 வோல்ட், யூஎஃப்5408 1.7 வோல்ட். எப்பவும் அவ்வளவு வராது, ஆனா பக்கம் இதுதான். இந்த விவாதத்தை வேற இழையில வெச்சுக்கலாம்.

ராப்பாட்டு
29.2 வோல்ட் காட்டுது. கெப்பாசிட்டர் 4700 மைக்ரோஃபாரட் 25 வோல்ட். ஷாட்கி போனது ராத்திரி. செட்டை அணைச்சுட்டேன், சப்ளை மட்டும் ஆன்ல இருந்துச்சு. டிரான்ஸ்ஃபார்மர் உறுமி ஃபியூஸ் போச்சு. ஒரு டயோடு ரெண்டு பக்கமும் 0 காட்டுது.

சுருள்
இப்ப விடை கிடைச்சாச்சு. செட் அணைஞ்சிருக்கும்போது போச்சுன்னா அது கரண்டால போகல, ஆன் பண்ற பாய்ச்சலாலயும் போகல. ரிவர்ஸ் வோல்டேஜ்தான், அதாவது அணைஞ்ச டயோடு மேல எதிர்ப்பக்கமா விழற வோல்ட்.

உங்களோடது மாதிரி சென்டர் டேப் (நடு வயர்) இணைப்புல ஒரு டயோடு ஓடும்போது, அணைஞ்சிருக்கிற இன்னொண்ணு மேல முழு வைண்டிங்கோட பீக் (ஏசி அலையோட உச்சம்) விழும். 12 வோல்ட் பாதியோட பீக்னு நினைச்சுத்தான் பலர் ஏமாறுவாங்க. உங்க 29.2-ஐ 1.414-ஆல பெருக்குங்க: 41.3 வோல்ட். 1என்5822 தாங்கும்னு உத்தரவாதம் இருக்கறது 40 வோல்ட் மட்டும். "12-0-12"ன்னு மேல எழுதியிருக்கறது முழு லோடுல வர்ற அளவு. லோடு இல்லாதப்போ ஏறும், ராத்திரியில மெயின்ஸ் வோல்டேஜ் ஏறினா இன்னும் ஏறும். நீங்க அளந்தப்பவே கோட்டைத் தாண்டிடுச்சு.

ஒரு டயோடு ஷார்ட் ஆனா, அடுத்த அரைச்சுற்றுல மத்த டயோடு வழியா முழு செகண்டரியும் ஷார்ட் ஆகும். உறுமல் அதான். அதனால மீட்டர்ல நல்லா இருக்கறதுன்னு காட்டற இன்னொரு டயோடையும் தூக்கிப் போடுங்க. கெப்பாசிட்டரும் அந்த நேரத்துல ஏசி வாங்கியிருக்கும், தலை உப்பியிருக்கா பாருங்க. என்னைக் கேட்டா அதையும் மாத்திடறது நல்லது.

முதல்ல போட்ட 1என்4007 வேற காரணத்துல போச்சு. லோடு 2.5 ஆம்பியர்னா ஒவ்வொரு டயோடுக்கும் சராசரி 1.25 ஆம்பியர். அதோட எல்லையே 1 ஆம்பியர்.

மின்தடை47
1என்5822 நடைமுறையில 50 வோல்ட் வரை தாங்கும். 41-ல போகணும்னு இல்ல. போலி சரக்கா இருக்கும்.

சுருள்
ஒரு பீஸ் தாங்கலாம், இன்னொண்ணு தாங்காது. உத்தரவாதம் 40-க்குத்தான். ஷாட்கியில லீக்கேஜ் கரண்ட் (அணைஞ்சிருக்கும்போதும் கசியறது) சூட்டோட வேகமா ஏறும். ஏறினா இன்னும் சூடாகும், அப்படியே ஓடிப்போயிடும். எல்லைக்கு மேல 1 வோல்ட்ல நிறுத்தி வெச்சிட்டு போலியைத் தேட வேண்டியதில்லை. அளந்த பீக்குக்கு ஒன்றரை மடங்காவது இருக்கணும், அதாவது இங்க 60-க்கு மேல.

கொள்ளளவு
ஒத்துக்கறேன், பாய்ச்சல் இல்ல. அப்ப ஒரு பாதி வைண்டிங்ல பிரிட்ஜ் போட்டா? டயோடு மேல 20 வோல்ட்தான் விழும், அதே 1என்5822 நாலு போட்டா போதும்.

சுருள்
டயோடு பிழைக்கும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும். கெப்பாசிட்டரோட பிரிட்ஜ் போட்டா வைண்டிங் ஏசி ரேட்டிங்ல 0.62 பங்குதான் டிசி எடுக்கலாம், 3 ஆம்பியருக்கு 1.86. சென்டர் டேப்லன்னா ஏறக்குறைய முழு 3 ஆம்பியரும் வரும். இவருக்கு 2.5 வேணும். இருக்கற இணைப்பே சரி.

ராப்பாட்டு, எம்பிஆர்20100சிடி ஒண்ணு வாங்குங்க. 100 வோல்ட் ஷாட்கி, ஒரே உறையில ரெண்டு டயோடு, கேத்தோடு (கரண்ட் வெளியே வர்ற முனை) பொது. உங்க இணைப்புக்கு அளவெடுத்த மாதிரி. ஓரக்கால் ரெண்டும் வைண்டிங் கடைசி வயருக்கு, நடுக்கால் கெப்பாசிட்டர் பிளஸ்ஸுக்கு. முதுகுத் தகடும் நடுக்காலும் ஒண்ணுதான், அதனால பாடியில நேரா ஸ்க்ரூ போட்டுடாதீங்க. மைக்காவும் (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு) பிளாஸ்டிக் வாஷரும் போட்டு, மீட்டர்ல தகடுக்கும் பாடிக்கும் தொடர்பு இல்லன்னு பார்த்துக்கங்க. ஒன்றரை வாட் பக்கம் சூடு வரும், சின்ன ஹீட் சிங்க் வேணும். அது கிடைக்கலன்னா 1என்5408 ரெண்டு. கால் தடிமன் 1.3 மில்லிமீட்டர் வரை இருக்கும், போர்டு ஓட்டையைப் பெருசாக்கணும்.

ஹம்முக்கு மருந்து டயோடு இல்ல, கெப்பாசிட்டர். 2.5 ஆம்பியர்ல 4700 மைக்ரோஃபாரட் சுமார் 4 வோல்ட் இறங்கும். பீக் 16-ல இருந்து பள்ளம் 12-க்கே வந்துடும். எல்எம்338-க்கு அவுட்புட்டை விட இரண்டரை, மூணு வோல்ட் மேல வேணும், அதனால வினாடிக்கு 100 தடவை மூச்சு முட்டுது. அதான் ர்ர்ர். ஷாட்கி அரை வோல்ட்டுக்கும் குறைவாத்தான் மீட்டுக் கொடுக்கும். 15000 மைக்ரோஃபாரட் போட்டா இறக்கம் 1.3 வோல்ட்தான். 35 வோல்ட் கெப்பாசிட்டரா வாங்குங்க. லோடு இல்லாம டிசி 20-ஐத் தாண்டுது, 25 ரொம்ப நெருக்கம்.

மிச்சமிருக்கற 1என்4007-ல ஒண்ணை எல்எம்338-ஓட இன்புட், அவுட்புட் கால்களுக்குக் குறுக்க போடுங்க, வெள்ளைக் கோடு இன்புட் பக்கம். இன்புட் எப்பவாவது ஷார்ட் ஆனா அவுட்புட் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் வழியா காலியாகாம அது காப்பாத்தும். முதல் தடவை ஆன் பண்றப்போ மெயின்ஸ்ல 60 வாட் குண்டு பல்பை சீரிஸ்ல வைங்க. மின்னி மங்கினா சரி. நின்னு எரிஞ்சா உடனே அணைங்க.

வேகமுனை
செகண்டரிக்குக் குறுக்க அந்த 0.1-ம் போடச் சொல்லுங்க.

சுருள்
போடலாம். கடைசியா போட்டுக்கட்டும்.

ராப்பாட்டு
எம்பிஆர் போட்டாச்சு. பல்பு மங்கிடுச்சு. ஹம் இல்ல. மூணு நாளா ஓடுது. எல்லாருக்கும் நன்றி.

கொள்ளளவு
கெப்பாசிட்டர் எவ்வளவு போட்டீங்க? ஒரே 15000-ஆ, சின்னதா மூணு பேரலல்லயா?

சுருள்
மைக்கா போட்டீங்களா தம்பி? அதைச் சொல்லிட்டுப் போங்க.