பூட்டானில் ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் வரி: நியாயமா, அநியாயமா?

மலைக்கிறுக்கன்: பூட்டான் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பாரோவில் செங்குத்துப் பாறையில் தொற்றிக்கொண்டு நிற்கும் டக்சாங் மடத்துக்கு மூச்சு வாங்க ஏறவேண்டும். அடுத்த வருஷமாவது போகலாம் என்று கணக்குப் போட்டேன். இந்தியர்களுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம், என் ஒன்பது வயதுப் பையனுக்குப் பாதி. மூன்று பேருக்கு ஐந்து இரவு என்றால் 15,000. ரூம், சாப்பாடு, வண்டி எல்லாம் தனி. தூங்குவதற்கா வரி?

பனிக்கொக்கு: தூங்குவதற்கு இல்லை, அந்த ஊர் அப்படியே இருப்பதற்கு. நிலப்பரப்பில் 60 சதவீதம் என்றைக்கும் காடாகவே இருக்கவேண்டும் என்று 2008 அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். போப்ஜிகா பள்ளத்தாக்கில் கருங்கழுத்துக் கொக்குகள் மோதிச் சாகக்கூடாது என்று மின்கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தார்கள். சீசனில் மணாலி ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சில்லறை: கொக்குக்குக் கம்பி புதைத்தது சரி, மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தைக் குறைக்கிறேன் என்று பணத்தை வைத்து வடிகட்டினால் யார் வெளியே நிற்பார்கள்? காசுள்ளவன் கேள்வியே கேட்காமல் கட்டிவிட்டுப் போவான். இவர் மாதிரி சேர்த்து வைத்துப் போகிறவர்தான் ஐந்து இரவை மூன்றாக்குவார்.

பனிக்கொக்கு: மற்ற வெளிநாட்டுக்காரர் கட்டுவது ஓர் இரவுக்கு 100 டாலர். அதோடு பார்த்தால் நமக்குச் சலுகைதான் அண்ணா.

சில்லறை: அந்த 100 எப்படி வந்தது என்பதையும் சொல்லுங்கள் தம்பி. கொரோனாவுக்குப் பிறகு 2022 செப்டம்பரில் எல்லையைத் திறந்தபோது 200 டாலர் என்றார்கள். எதிர்பார்த்த அளவு ஆள் வரவில்லை. ஒரே வருஷத்தில் பாதியாக்கினார்கள். ஹோட்டல்காரர், கைடு, டாக்ஸிக்காரர் வயிற்றில்தான் முதலில் அடி. உள்ளூர்ப் பிள்ளைகளோ ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். மகிழ்ச்சி தேசம் என்று நாம்தான் இங்கிருந்து உருகுகிறோம். 1990-களில் நேபாளி பேசும் மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அங்கிருந்து அகதிகளாக நேபாள முகாம்களுக்குப் போனார்கள். அதை எந்த டூர் விளம்பரத்திலும் பார்க்கமுடியாது.

பனிக்கொக்கு: அது பெரிய கறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டணம் சரியா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாதே. 7,570 மீட்டர் கங்கர் புயென்சம் சிகரத்தில் ஏறவிட்டாலே கோடிகளில் சம்பாதிக்கலாம். மலைகள் தெய்வங்களின் இடம் என்று சிகரம் ஏறுவதையே தடைசெய்திருக்கிறார்கள். வெறும் பண ஆசை என்றால் இப்படியா செய்வார்கள்?

சில்லறை: சரி, அதில் நீங்கள் ஜெயித்தீர்கள். வரியில் இல்லை. வருகிறவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து முன்பதிவு முறை கொண்டுவரலாமே? வரிசையில் ஏழையும் பணக்காரனும் ஒன்றுதான்.

மலைக்கிறுக்கன்: நீங்கள் இரண்டு பேரும் முடிப்பதற்குள் நான் திட்டத்தை மாற்றிவிட்டேன். விமானம் வேண்டாம். மேற்கு வங்கத்து ஹாசிமாரா வரை ரயில், எல்லையில் இருக்கும் ஜெய்காவ் தாண்டினால் பூட்டானின் புயென்ஷோலிங், அப்புறம் சாலை வழி. நவம்பர் கடைசியில் போனால் கொக்குகளும் வந்திருக்கும். நாலு இரவு, கட்டணம் 12,000.

சில்லறை: போய் வாருங்கள் சார், வயிற்றெரிச்சல் எல்லாம் இல்லை. ஆதாரை நம்பிப் போகாதீர்கள், அங்கே செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, பையனுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். எமா தத்ஷி என்று ஒன்று தருவார்கள். அதில் மிளகாய்தான் காய்கறியே. பையனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.