பொருள்: ‘ஃப்ரேமிங்’ என்பதற்குத் தமிழ் – சனிக்கிழமைக்குள் வேண்டும்

ஹட்டனிலிருந்து, புதன் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்களுக்கான வகுப்பில் பிரயோக மொழியியல் பாடம் எடுக்கிறேன். மொழி ஆட்களை எப்படி இணங்க வைக்கிறது என்பதுதான் தலைப்பு. குறிப்பைச் சனிக்கிழமை மாலைக்குள் போட்டோகொப்பிக் கடையில் கொடுத்தாக வேண்டும். ‘ஃப்ரேமிங்’ ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் தமிழ் போட்டுவிட்டேன்.

விஷயம் விளங்கினால்தான் சொல் பிடிபடும். அதனால் பாடத்தில் வரும் உதாரணத்தையே தருகிறேன். 1981இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இது. ஒரு நோய் 600 பேரைக் கொல்லப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். மற்றதில் மூன்றில் ஒரு வாய்ப்பு 600 பேரும் பிழைக்க, மூன்றில் இரண்டு வாய்ப்பு ஒருவரும் பிழைக்காமல் போக. முதல் குழுவில் 72 வீதமானோர் நிச்சயமான 200ஐ எடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு அதே கணக்கைச் சாவின் பக்கமிருந்து சொன்னார்கள்: ‘இந்தத் திட்டத்தில் 400 பேர் நிச்சயம் சாவார்கள்.’ அதை எடுத்தவர்கள் 22 வீதம்தான். கணக்கு ஒன்றே, சொன்ன பக்கம் மாறியதும் ஆட்களின் தெரிவு மாறிவிட்டது. இதைத்தான் ஃப்ரேமிங் என்கிறார்கள்.

வகுப்பில் அநேகர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு நிறுவையை வைத்துச் சொல்ல நினைக்கிறேன். முழுநாள் சம்பளத்துக்கு அன்று பறிக்க வேண்டிய அளவு 18 கிலோ, ஒரு பெண் கொண்டுவந்த கொழுந்து 15 கிலோ. அளவு குறைந்ததால் அவளுக்கு அரைநாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். ‘அரைப்பேர் போட்டிருக்கு’ என்பார் கணக்கப்பிள்ளை. ‘அரைப்பேர் வெட்டிட்டாங்க’ என்பாள் அவள். செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், இருப்பது ஒரே பதிவுதான்.

‘கட்டமைத்தல்’ வேண்டாம். அது வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது.

பேராதனையிலிருந்து, வியாழன் காலை

டீச்சர், ‘சட்டகப்படுத்தல்’ என்று போடுங்கள். மானிடவியலாளர் கிரெகரி பேட்சன் 1955இல் இந்தக் கருத்தை எழுதும்போது படத்தைச் சுற்றியிருக்கும் சட்டத்தைத்தான் காட்டினார். உள்ளே இருப்பதைப் பார், வெளியே இருக்கும் சுவரைப் பார்க்காதே என்று சட்டகம் கண்ணுக்குச் சொல்கிறது. 1974இல் எர்விங் கோஃப்மன் அதைச் சமூகவியலுக்குக் கொண்டுபோனார். 1993இல் ராபர்ட் எண்ட்மன் ஊடகத்துக்குப் பொருத்தி, சிலவற்றைத் தெரிந்தெடுத்து முனைப்பாக்குவது என்று வரையறுத்தார். சட்டகம் என்ற சொல் நம் மாணவர்களுக்குப் பழக்கமானது. புதிதாக ஒன்றும் பண்ண வேண்டியதில்லை.

பதுளையிலிருந்து, வியாழன் மதியம்

பழக்கம் என்பது ஒரு நியாயமா? ‘சட்டகம்’ என்றதும் பிள்ளைகளின் காதில் விழுவது சட்டம், அதாவது நீதிமன்றம். பழைய தமிழில் அதற்கு உடல், படுக்கை என்றெல்லாம் பொருள் இருந்தது. மரச்சட்டம் ஆங்கிலேயனின் உவமை. கருத்தை எடுத்துக்கொள்வோம், உவமையையும் சேர்த்து ஏன் சுமக்க வேண்டும்?

நம் இலக்கணத்தில் இது இருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்து அதில் ஒன்றை மங்கலம் என்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்கிறோம், சுடுகாட்டை நன்காடு என்கிறோம், கறுத்த ஆட்டைக்கூட வெள்ளாடு என்கிறோம். சொல்லை மாற்றிக் கேட்பவர் மனத்தை மாற்றுவதுதானே உங்கள் ஃப்ரேமிங்?

அது போதாதென்றால் தற்குறிப்பேற்ற அணி இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்போது மதிற்கொடிகள் காற்றில் அசைகின்றன. ‘வராதீர்கள்’ என்று கைகாட்டுவதுபோல அசைந்தன என்கிறார் இளங்கோ. கொடி அசைந்தது உண்மை. அதன்மேல் ஏற்றிய குறிப்பு புலவருடையது. ஆகவே ‘குறிப்பேற்றம்’ என்று வையுங்கள்.

இன்னொன்று. ‘பிரயோக மொழியியல்’ என்று எழுதுவதை எப்போது நிறுத்துவீர்கள்? தமிழ்நாட்டில் ‘பயன்பாட்டு மொழியியல்’ என்று எத்தனை அழகாகச் சொல்கிறார்கள்!

பண்டாரவளையிலிருந்து, வியாழன் மாலை

ஐயா, தூய கணிதம், பிரயோக கணிதம் என்று படித்துத்தான் இங்கே எத்தனையோ பேர் பல்கலைக்கழகம் போனோம். பௌதிகவியலை இயற்பியல் ஆக்கினால் எங்கள் பிள்ளைக்கு வினாத்தாள் விளங்காது. அது தமிழ்ப்பற்றுக் குறைவு அல்ல.

சொல்லுக்கு வருகிறேன். ‘பிரேமிங்’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து. காலையில் தொழிலாளர் கூடி வேலை பிரிக்கும் இடத்தைப் பிரட்டுக்களம் என்கிறோமே, அந்தப் பிரட்டு ‘பரேட்’ என்பதிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயம் ‘லைன்’ என்பதிலிருந்து வந்தது. தோட்டத்துச் சனம் வாயில் போட்டு மென்று தமிழாக்கிய சொற்கள் இவை. ஒரு கலைச்சொல் குழுவும் கூடவில்லை.

பாடத்துக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால், தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று, ஆள் சேர்க்கப்போன கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து நம் சனத்தை ஆசைகாட்டிக் கூட்டிவந்த கதையைப் போடுங்கள்.

பதுளையிலிருந்து, வியாழன் இரவு

லயம் ‘லைன்’ என்பதிலிருந்து வந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குதிரை கட்டும் இடம் லாயம். ஒரு காம்பராவில், அதாவது ஒரே அறையில், ஒரு குடும்பம் முழுக்க அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்தான் வாயில் வந்திருக்கும். ஆலயம் என்பதிலும் லயம் இருக்கிறது, தங்குமிடம் என்ற பொருளில். ஆக மூன்று ஓடைகள் இந்தச் சொல்லில் வந்து கலக்கின்றன. இதைத் தனியாக விரிவாக எழுதுகிறேன்.

பேராதனையிலிருந்து, வெள்ளி காலை

ஐயா, லாயத்தின் நெடில் எங்கே போனது? லைன், லயன், லயம் மூன்றும் இன்றைக்கும் பேச்சில் பக்கம் பக்கமாக வழங்குகின்றன. படிப்படியாக வந்த வழி கண்முன்னே இருக்கும்போது ஆலயம்வரை போக வேண்டியதில்லை.

ஹட்டனிலிருந்து, வெள்ளி மதியம்

லயத்தை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம், தயவுசெய்து.

மங்கலம் பொருந்தாது ஐயா. அது ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல். ‘200 பேர் பிழைப்பார்கள்’, ‘400 பேர் சாவார்கள்’ என்ற இரண்டிலும் மறைத்த சொல் ஏதுமில்லை. எந்தப் பக்கத்தை முன்னால் வைத்தோம் என்பதுதான் வேறு.

கங்காணி கதையும் பொருந்தாது, தம்பி. தேங்காயும் மாசியும் பச்சைப் பொய். ஃப்ரேமிங்கில் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்துகொண்டே ஆளை ஒரு பக்கம் தள்ளும். ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். பொய் என்றால் பிள்ளையே கண்டுபிடிக்கும், இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

‘குறிப்பேற்றம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் வேண்டுமென்றே ஏற்றுவது என்ற தொனி இருக்கிறது. அந்தப் பெண் ‘வெட்டிட்டாங்க’ என்று சொல்லும்போது எதையும் ஏற்றவில்லை. அவளுக்கு அது அப்படித்தான் தெரிகிறது.

கோத்தகிரியிலிருந்து, வெள்ளி இரவு

வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. டீச்சரின் கடைசி வரிக்காக எழுதுகிறேன்.

1964 அக்டோபரில் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. 300,000 பேருக்கு இலங்கை. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். எங்கள் அப்பா அந்த 525,000இல் ஒருவர். பிறந்தது பொகவந்தலாவையில். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோதுதான் இந்தியாவை முதன்முதலாகப் பார்த்தார். அரசாங்கத் தாள்களில் எங்களுக்குப் பெயர் ‘தாயகம் திரும்பியோர்’.

‘தாயகம்’ என்றதும் இலங்கை அந்நிய நாடாகிவிடுகிறது. ‘திரும்பியோர்’ என்றதும் அவராகக் கிளம்பி வந்தது போலாகிவிடுகிறது. ‘நாடு கடத்தப்பட்டோர்’ என்று ஒரு அதிகாரி எழுதியிருந்தால், அடுத்த கேள்வி யார் கடத்தினார்கள் என்பதாக இருந்திருக்கும். இந்தச் சொல்லை எழுதிய குமாஸ்தா சூழ்ச்சி செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அச்சிட்ட படிவத்தில் இருந்ததை எழுதினார். எங்கள் அப்பாவும் அதையேதான் எழுதினார், கடைசிவரை. ரேஷன் கார்டுக்கு, வங்கிக் கடனுக்கு, என் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு.

எந்தச் சொல் வைத்தாலும், எழுதுகிறவர் அறியாமலே இது நடக்கும் என்பதற்கு அதில் இடம் இருக்க வேண்டும். ‘குறிப்பேற்றம்’ அதற்கு இடம் தரவில்லை. ‘கோணப்படுத்தல்’ எப்படி?

பண்டாரவளையிலிருந்து, சனி காலை

அண்ணன், படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. டீச்சர், என் கங்காணிக் கதையை விடுங்கள், இதைப் பாடத்தில் சேருங்கள். ஆனால் ‘கோணப்படுத்தல்’ கோணலாக்குவது போலக் கேட்கிறது. ‘பிரேமிங்’ இல்லையென்றால் சட்டகமே இருக்கட்டும்.

ஹட்டனிலிருந்து, சனி பிற்பகல்

கடை மூடப்போகிறது. ‘சட்டகப்படுத்தல்’ என்றே போட்டுவிட்டேன். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் அதற்குத்தான் ஆள் அதிகம். படிவம் என்பதும் ஒரு சட்டகம்தானே, கோத்தகிரி அண்ணன் சொன்னதும் அதற்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். அவருடைய சம்மதத்தோடு அந்த உதாரணம் நிறுவைக்கு அடுத்ததாக வருகிறது. வேண்டுமென்றே செய்யும் வகைக்கு மட்டும் ‘குறிப்பேற்றம்’ என்று ஒரு பந்தி எழுதியிருக்கிறேன், கொடி உதாரணத்தோடு.

பதுளையிலிருந்து, சனி இரவு

என் சொல்லுக்கு ஒரு பந்தி கொடுத்ததற்கு நன்றி. இருந்தாலும் மறுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் வைத்த சட்டகத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றில் வைத்துச் சொல்வதற்கும் ஒரு சொல் அடுத்த பாடத்தில் வேண்டியிருக்குமே. ‘மறுசட்டகப்படுத்தல்’ என்றா எழுதப்போகிறீர்கள்? வகுப்பில் அதை வாய்விட்டு ஒருதரம் சொல்லிப் பாருங்கள் டீச்சர். அதற்கு ஏதாவது தோன்றினால் எழுதுகிறேன். லயம் பற்றிய கட்டுரை நாளை வரும்.