முதல் பெற்றோர் கூட்டத்தில் என்ன பேசுவது? (1 முதல் 3 வகுப்பு, ஈராசிரியர் பள்ளி)

புதுச்சிலேட்டு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இடைநிலை ஆசிரியராகப் போன மாதம்தான் பணியில் சேர்ந்தேன். செங்கம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர். 4, 5 வகுப்புகள் தலைமை ஆசிரியர் கையில். 1, 2, 3 மூன்றும் ஒரே அறையில் என்னிடம். மொத்தம் 23 பிள்ளைகள்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். "புது டீச்சர், நீங்களே பேசிடுங்கம்மா" என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். ராத்திரி உட்கார்ந்து ஒரு உரை எழுதினேன். கற்றல் விளைவுகள், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நோக்கம், வளரறி மதிப்பீடு, பெற்றோரின் பங்கு என்று இரண்டு பக்கம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் அஞ்சாவது வரை படித்தவர். "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னை என்ன செய்யச் சொல்ற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பெற்றோரில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சில அம்மாக்களுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். "வீட்டுப்பாடமே குடுக்கலைன்னா அது என்ன பள்ளிக்கூடம்?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டார்கள். 3-ஆம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் இன்னும் அரும்பு நிலையில், அதாவது அந்தத் திட்டத்தின் மூன்று கற்றல் நிலைகளில் முதல் படியில், இருக்கிறார்கள். அதை அவர்கள் வீட்டில் எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி எழுதியது:

வாங்க டீச்சர், வாழ்த்துகள். உங்கள் அம்மா கேட்டதைத்தான் ஊரும் கேட்கும். அதனால் அந்த இரண்டு பக்கத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், ஆண்டாய்வுக்கு உதவும்.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். இப்போது உங்கள் பக்கம் மல்லாட்டைக்கு (நிலக்கடலை) களை வெட்டுகிற காலம். காலை 10 மணிக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்வதாக அர்த்தம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் அந்நேரம் ஏரிக்கரையில் இருப்பார்கள். மாலை நாலரைக்கு வைத்தால் அம்மாக்கள் வருவார்கள், அப்பாக்களும் ஒன்றிரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

அப்புறம், ஆதார் ஜெராக்ஸ், பேங்க் பாஸ்புக், எமிஸில் (கல்வித் துறையின் மாணவர் விவர இணையதளம்) ஏற்ற வேண்டிய போன் நம்பர் எல்லாவற்றையும் அன்றைக்கே கேட்டு வைக்காதீர்கள். நம் கூட்டங்கள் பாதி கெட்டுப்போவதே இதனால்தான். பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவே சொல்கிறது. ஜெராக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை!

பேச்சைக் குறைத்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டே ஒரு பாடத்தை நடத்திக் காட்டுங்கள். உங்களுக்கு நாற்காலி, அவர்களுக்குக் குட்டி பெஞ்சு என்று வேண்டாம். ஜமுக்காளம் விரித்து எல்லோரும் கீழேயே உட்காரலாம். நம் வகுப்பே அப்படித்தானே நடக்கிறது. கதைக் களம், பொம்மலாட்டக் களம், படித்தல் களம் என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து "என்ன மிஸ் இது, பொம்மைக் கடை மாதிரி இருக்கு" என்பார்கள். விளக்கவுரை ஆற்ற வேண்டாம். குச்சிப் பொம்மையை ஒரு பிள்ளை கையில் கொடுத்து நாலு வரி பேசச் சொல்லுங்கள். வீட்டில் வாயே திறக்காத பிள்ளையாகப் பார்த்துக் கொடுங்கள்.

நான் 1-ஆம் வகுப்பில் அ, ஆ-வில் தொடங்க மாட்டேன். ட, ப, ம, ய என்று கோடு இழுக்க எளிதான எழுத்துகளில்தான் தொடங்குவேன். ஒரு வருடம் கூட்டத்தில் ஒரு ஆயா எழுந்து, "ரெண்டு மாசமா வர்றா, இன்னும் ஆனா ஆவன்னாவே வரலியே டீச்சர்" என்று சபையிலேயே கேட்டுவிட்டது. பேத்தியைக் கூப்பிட்டு எழுத்தட்டைகளைக் கையில் கொடுத்தேன். தரையில் ப, ட, ம் என்று வைத்து "படம்" என்றாள். பானாவை எடுத்துவிட்டு மானாவை வைத்து "மடம்". பிறகு யாரும் கேட்காமலே நடுவில் ஒரு ட் செருகி "மட்டம்", மானாவை மாற்றி "பட்டம்". ஆயாவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அட்டையை மாற்ற மாற்ற வாயில் வார்த்தை மாறுவதைப் பார்த்தது. "இவளே பண்றாளா, நீ சொல்லிக் குடுத்து வச்சியா?" என்று இன்னொரு முறை மாற்றி வைக்கச் சொல்லிச் சோதித்தது. அதன் பிறகு அந்தத் தெருவில் ஆனா ஆவன்னாவைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. வருகிறவர்களுக்கு அட்டையைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். கணக்கு என்றால் ஆணிமணிச் சட்டமோ புளியங்கொட்டையோ போதும்.

இனி உங்கள் இரண்டு பையன்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று யார் எந்த நிலை என்பதைச் சபையில் வாசிக்கவே கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளை மலர், நம் பிள்ளை அரும்பு என்றால் அன்றைக்கு ராத்திரி அவனுக்கு அடி விழும். கூட்டம் முடிந்ததும் அந்த இரண்டு வீட்டாரை மட்டும் இருக்கச் சொல்லுங்கள். 'நிலை' என்ற பேச்சே எடுக்காமல், அவனால் என்ன முடிகிறது, எங்கே நிற்கிறான் என்று சொல்லுங்கள். "எழுத்தெல்லாம் அடையாளம் தெரியுது. கூட்டிப் படிக்கறப்போ கொம்பு, கால் வந்தா தடுமாறுறான். இந்தப் பயிற்சி நூலை முடிச்சதும் அடுத்தது குடுப்பேன்." இவ்வளவு போதும். "கவனமே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்கு வீட்டில் மருந்து கிடையாது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்ததே, படிக்கிற வகுப்பு ஒன்றாகவும் பிள்ளையின் படிப்பு வேறொன்றாகவும் இருந்ததால்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது நம் முகத்திலும் தெரிய வேண்டும்.

வீட்டுப்பாடக் கேள்வி எப்படியும் வரும். பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளி வேனில் போகிற பிள்ளை மூன்று நோட்டு எழுதுகிறது, உங்கள் பிள்ளை தெருவில் விளையாடுகிறது என்று பார்க்கிறவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள். சட்டம் பேசிக்கொண்டே இருந்தால் சாக்குச் சொல்வதாக நினைப்பார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்தனுப்புங்கள்.

நான் கொடுப்பது நாள்காட்டித் தாள். மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் இல்லாத வீடு நம் ஊரில் ஏது? காலையில் தாளைக் கிழிப்பது பிள்ளையின் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. 1-ஆம் வகுப்பு எண்ணை மட்டும் சொல்லட்டும். 2-ஆம் வகுப்பு கிழமையையும் மாதத்தையும் படிக்கட்டும். 3-ஆம் வகுப்பு இன்னும் எத்தனை நாளில் அமாவாசை என்று கணக்குப் போடட்டும். கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிப் பழக. படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் தாள் கிழிந்திருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

இன்னொன்று கதைப் புத்தகம். வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று தரம் பிரித்து வந்த சின்னப் புத்தகங்கள் உங்கள் பள்ளி அலமாரியிலும் இருக்கும். கிழித்துவிடுவார்கள் என்று பூட்டி வைக்காமல் வாரம் ஒன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அம்மா படித்துக் காட்ட வேண்டியதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டால் போதும். தப்பாகப் படித்தாலும் திருத்த வேண்டாம், அது நம் வேலை.

டிவி பார்க்க விடாதீர்கள், செல்போன் கொடுக்காதீர்கள் என்ற உபதேசத்தை விட்டுவிடுங்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போய் சீரியல் போடுவார்கள். நானும் சீரியல் பார்க்கிறேன்.

லோடுமேன் மகன் எழுதியது:

நான் டீச்சர் இல்லை, லாரி ஓட்டுகிறேன். பையன் 2-ஆம் வகுப்பு. நாங்கள் என்ன எதிர்பார்த்து வருகிறோம் என்று சொல்கிறேன் மேடம்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஒன்று பையன் எதையாவது உடைத்திருப்பான், இல்லை எங்கேயாவது கையெழுத்துப் போட வேண்டும். அதனால் முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு நல்ல விஷயம் சொல்லுங்கள். பொய்யாகச் சொல்ல வேண்டாம், பார்த்ததைச் சொன்னால் போதும். என் பையனைப் பற்றி அவன் டீச்சர், "சாப்பிட்ட பிறகு எல்லார் தட்டையும் அடுக்கி வைப்பான்" என்றார். வீட்டில் அவன் ஒரு டம்ளரைக்கூட எடுத்து வைத்தது கிடையாது. நான் அசந்துபோனேன்.

பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா, காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குள் வர வேண்டும், சத்துணவு முட்டையைச் சாப்பிடுகிறானா, உங்களுக்கு எந்த நேரத்தில் போன் செய்யலாம், இதையும் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படுவார்கள்.

யாராவது ஒரு அப்பா, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க மிஸ்" என்று கட்டாயம் சொல்வார். மரியாதைக்காகச் சொல்வதுதான். சிரித்துவிட்டுப் போகாமல், "இங்க யாரையும் அடிக்க மாட்டோம்" என்று பிள்ளைகள் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிடுங்கள்.

திண்ணைவகுப்பு எழுதியது:

அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு நடக்கும். வேப்பமரத்தடி அம்மா சொன்னது எல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. காலண்டரும் கதைப் புத்தகமும் சேர்த்து முதல் நாளே சொல்ல வேண்டாம். வயலிலிருந்து வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு பற்றவைத்து, மாட்டைக் கட்டுகிற அம்மாவிடம் இரண்டு வேலை சொன்னால் இரண்டும் நடக்காது. காலண்டரை மட்டும் சொல்லுங்கள். புத்தகத்தைத் தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முக்கியமான இன்னொரு ஆள் இருக்கிறார். இந்த வீடுகளில் சின்னப் பிள்ளைக்குப் படிப்புச் சொல்லித் தருவது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆறாவது, ஏழாவது படிக்கிற அக்காதான். அந்த அக்காக்களையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஒரே முறை, பத்து தடவை எழுத வைப்பது, எழுதாவிட்டால் குட்டுவது. எழுத்தட்டையை எப்படி மாற்றி வைப்பது என்று அவர்களுக்குக் காட்டினால் மறுநாளே தெருவில் பள்ளிக்கூட விளையாட்டு நடக்கும், நீங்கள்தான் அதில் டீச்சர் பாத்திரம்.

புதுச்சிலேட்டு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்காக்களைப் பற்றி நான் யோசித்திருக்கவே மாட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஐந்து பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அப்புறம் "இங்கிலீஷ் எப்ப மிஸ்?" என்று கேட்டால்?

வேப்பமரத்தடி எழுதியது:

திண்ணைவகுப்பு சொல்வது சரி, காலண்டர் மட்டும் போதும்.

பெங்களூருக்கு: பாட்டி கூட்டத்துக்கு வரட்டும், அவர்தான் இப்போது பெற்றோர், முன் வரிசையில் உட்கார வையுங்கள். அப்பா அம்மாவின் வாட்ஸ்அப் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை பிள்ளை படிப்பதை ஒரு நிமிடம் குரல் பதிவாக எடுத்து அவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சித்தாள் வேலைக்கும் பெரும்பாலும் லீவு, எனவே சனிக்கிழமை சாயங்காலம் அனுப்பினால் நிதானமாகக் கேட்பார்கள். எங்கள் ஊரில் ஒரு அம்மா அந்தப் பதிவை மேஸ்திரிக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார்.

இங்கிலீஷுக்கு: தமிழ், கணக்கு மாதிரி அதுவும் தினமும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஒரு பாட்டுப் பாட வையுங்கள். கை தட்டல் வந்தால் கேள்வி தானாக அடங்கும்.

புதுச்சிலேட்டு எழுதியது:

தலைமை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு மாறிவிட்டது. பாய் கொண்டுவருவதாகச் சத்துணவு அமைப்பாளர் அக்கா சொல்லியிருக்கிறார். ஆதார் ஜெராக்ஸை மட்டும் விட மாட்டேன் என்கிறார் சார், மேலே இருந்து தினமும் கேட்கிறார்களாம். கடைசியில் வராண்டாவில் அதற்கென்று தனி மேசை போட்டு அவரே உட்கார்ந்து வாங்கிக்கொள்வதாக முடிவு.