ஸ்பாம் வடிகட்டி உங்களைச் சிக்கவைத்த நாள் எது?

நிலாவெளி விடுதி ஊழியர்:
கடிதங்களுக்குக் குப்பைப் புள்ளி இடும் ஸ்பாம்அசாசின் வடிகட்டியில், குப்பை என ஒதுக்கும் இயல்பு வரம்பு 5 புள்ளி என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். சீசன் தொடங்கியதும் குப்பை அஞ்சல்கள் குவிந்ததால், முகாமையாளரின் நச்சரிப்புத் தாங்காமல் அதை 3 ஆகக் குறைத்து, ஏற்கத்தக்க மொழிகளில் ஆங்கிலத்தை மட்டும் விட்டுவைத்தேன். (கின்னியாவிலிருந்து எங்களுக்கு மீன் தருபவரின் தமிழ்க் கடிதமும் அகப்பட்டது வேறு கதை.) பத்து நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்கு, ஒரு பிரெஞ்சுக் குடும்பம் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியது. அறை ஒன்றும் காலியில்லை. அந்த அம்மா கைப்பேசியில் காட்டிய மூன்று கடிதங்களும் பிரெஞ்சில் எழுதப்பட்டு, எங்கள் குவாரன்டைனில், அதாவது வடிகட்டி ஒதுக்கிவைக்கும் பெட்டியில், கிடந்தன. அவருடைய சிறுவன் பயணப்பையின் மேலேயே தலைசாய்த்து உறங்கிவிட்டிருந்தான்.

உவர்மலை அலுவலர்:
வரம்பைக் குறைத்தது பிழையல்ல. பத்து நாளாகக் குவாரன்டைனை எவரும் திறந்து பாராததே பிழை. எங்கள் அலுவலகத்திலோ சொந்த டொமைனையே (முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பெயர்) அனுமதிப் பட்டியலில் சேர்த்திருந்தோம். ஆகவே பணிப்பாளரின் முகவரியைப் போலியாக இட்டு, அவசரமாகப் பணம் கேட்டு வந்த கடிதத்தை வடிகட்டி சோதிக்கவே இல்லை. வங்கிக்குப் புறப்பட்ட கணக்காளர், பணிப்பாளர் அடுத்த அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பதைக் கண்ட பின்னரே நின்றார். ஆதலால் எந்த டொமைனையும் அனுப்புநர் முகவரியை மட்டும் நம்பி அனுமதிக்காதீர்கள், எஸ்.பி.எஃப். (அனுப்பிய சேவையகத்துக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்பது) அல்லது டிகிம் (கடிதத்தின் மின்கையொப்பம்) சோதனையிலும் தேறினால் மட்டுமே விடுங்கள். எஸ்.பி.எஃப். சோதிப்பது, சேவையகங்கள் தமக்குள் பரிமாறும் உறையில் உள்ள முகவரியைத்தான்; வாசிப்பவர் காணும் முகவரியோடு அதைப் பொருத்திப் பார்ப்பது டிமார்க். அதையும் எடுத்த எடுப்பில் நிராகரிப்பில் வைக்காமல், முதலில் கண்காணிப்பில் விட்டு, அறிக்கைகளை வாசித்து, பிறகு குவாரன்டைனுக்கும் அதன்பின் நிராகரிப்புக்கும் நகர்த்துங்கள். எஸ்.பி.எஃப். பதிவில் 10 டிஎன்எஸ் (டொமைன் விவரப் பதிவேடு) தேடல்களுக்கு மேல் போனால் சோதனையே பிழையாகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாதவர், சீனக்குடா:
அறிவுரையை எவரும் கேட்கவில்லையே, ஐயா. உங்கள் கணக்காளரைக் காத்தது டிமார்க் அல்ல, தேநீர். என்னுடையது கிரேலிஸ்டிங். முதன்முறை எழுதுபவரின் கடிதத்தை 451 என்ற குறியீட்டுடன் தற்காலிகமாக மறுத்துவிட்டு, மறுபடி அனுப்பினால் ஏற்கும் அந்த முறையை, விலைமனுக் கோரியிருந்த வாரத்திலேயே இயக்கிவிட்டேன். முடிவு நேரம் பிற்பகல் 2 மணி. ஒருவர் 1.40க்கே அனுப்பிவிட்டதாகத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நான் வெறும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய சேவையகம் மறுபடி முயன்றது 2.25க்கு. கடிதத்தைத் திறந்தேன், மற்ற எல்லா விலைகளையும்விட அவருடையது குறைவு.